உள்மடிப்பில் ஒரு சொட்டு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் திட்டுவதென்றால் உட்கார்ந்து எழுதி, மடித்து, தபால்பெட்டி வரை நடக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். அதனால் இனிமேல் கடிதம்தான். நான் போனை எடுக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடிப்பு இங்கேயும் வருகிறது. தோழி வீட்டு மாடியறையில் தனியாக இருக்கிறேன். நம் சலவைக்கடையின் சோப்பு இல்லை, நீராவி இல்லை, கறை எடுக்கும் மருந்து இல்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் தொடையில் ஒரு தேசப்படம் வரைந்திருக்கிறது. மதியம் அது மறைந்து முதுகில் இன்னொரு தேசம். நேற்று மேலுதடு வீங்கிப்போய், யாரோ என்னை அறைந்துவிட்டார்கள் என்று வேலையிடத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நீ சந்தோஷப்படலாம். "இந்தக் கடைதான் என்னைக் கடிக்குது"ன்னு கத்திவிட்டு வந்தவள் நான்தானே.

ஆனால் நீ சொன்னதும் எனக்கு மறக்கவில்லை. வாடிக்கையாளர்கள் நாலு பேர் நிற்கிறார்கள். பில் போட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "இது தோல்ல வர்ற அரிப்பு இல்ல, வேலை செய்ய மனசில்லாதவளுக்கு வர்ற அரிப்பு"ன்னு சொன்னாய். தடிப்பாவது ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. இந்த வார்த்தை மறைய மாட்டேன் என்கிறது.

இங்கே ஆயத்த ஆடைக் கடை ஒன்றில் பேண்ட்டுக்கு நீளம் குறைத்துத் தைக்கும் வேலை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, அது போதும். போன வாரம் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். உன்னைவிடச் சின்ன வயசு. "எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வாரம் தாண்டினாலே அது நாள்பட்ட தடிப்பாம். நல்ல காலமாக, காட்டுவதற்குக் கையில் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "நாளைக்கு இதே நேரம் இந்த வட்டத்துக்குள்ள பாருங்க. என்ன இருக்குன்னு வந்து சொல்லுங்க" என்றார். வேறு மருந்து எதுவும் எழுதவில்லை. நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை நீட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

உன் தங்கை


மார்ச் 9

ஏய் வாலு,

சந்தோஷப்படலாமாம்! உன் உதடு வீங்கியதற்கு நான் சந்தோஷப்படுவேனா? நல்ல வார்த்தையே வராதா உன் வாயில்? எழுத்திலும் அதே வாய்தான்.

நான் அன்றைக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். சரி, சொன்னேன். ஆனால் நீயும் கொஞ்சம் யோசி. எத்தனை டாக்டர்களைப் பார்த்தோம்? ஒருத்தர் முட்டையை நிறுத்து என்றார். ஒருத்தர் கத்தரிக்காய் என்றார். இன்னொருத்தர் தலையணையை மாற்றச் சொன்னார். உனக்காக நானும் கத்தரிக்காய் சாப்பிடாமல் கிடந்தேன், அது உனக்குத் தெரியுமோ என்னமோ. எல்லாவற்றையும் விலக்கியாயிற்று, அரிப்பு மட்டும் விலகவில்லை. நம் தொழிலில் என்ன செய்வோம்? எந்த மருந்துக்கும் போகாத கறை என்றால் அது கறையே இல்லை, துணியோட சொந்த நிறம் அது என்று வாடிக்கையாளரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவோம். அப்படித்தான் நானும் நினைத்தேன். மனசு என்று சொன்னது அதனால்தான். வேலை செய்ய மனசில்லாதவள் என்று சொன்னது மட்டும் கோபத்தில் வந்தது.

இஸ்திரி மாமா துணி தேய்த்துக்கொண்டே தினமும் உன்னை விசாரிக்கிறார். "சின்னம்மாவுக்குக் காணாக்கடி" என்பதில் மாற்றமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உன்னைக் கடித்துவிட்டதாம். "ஊர்விட்டு ஊர் போயுமா அது தேடிப்பிடிச்சுக் கடிக்குது?" என்று கேட்டேன். "பஸ் ஏறிப் போயிருக்கும்மா" என்கிறார். என் குரல் வேறு கொஞ்ச நாளாகக் கரகரத்துக் கிடக்கிறது. உன்னைத் திட்ட ஆளில்லாமல் துருப்பிடித்துவிட்டது என்று அதற்கும் ஒரு கிண்டல்.

ஆனால் ஒன்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே துணி. அங்கேயும் போய் நீ பிடித்திருப்பது துணி. ஒருவேளை துணியே உனக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? புதுத் துணியில் என்னென்னவோ போட்டுத்தான் அனுப்புகிறார்கள். டாக்டரிடம் இதைக் கேள். வெட்கப்படாமல் கேள்.

அந்த வட்டத்துக்குள் என்ன இருந்தது என்று எழுதாமல் கடிதத்தை முடித்திருக்கிறாயே, உன்னை என்ன செய்யலாம்?

அக்கா


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. வெறும் தோல். ஆனால் வட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி, முழங்கை மடிப்பில், புதிதாக மூன்று.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். உன் கேள்வியையும் கேட்டேன். "சோப்போ துணியோ ஒத்துக்கலைன்னா, பட்ட இடத்துலதான் வரும். வந்தா பல நாள் நிக்கும், தோல் உரியும். உங்களுது ஒரு நாளைக்குள்ள ஓடிப் போயிடுது, இடம் மாறிக்கிட்டே இருக்கு, தழும்பும் வைக்கல" என்றார். உணவு என்றால் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வந்து போய்விடுமாம், வருஷக்கணக்கில் தினமும் வராதாம். ஆக முட்டை பாவம். கத்தரிக்காயும் பாவம். நீ சாப்பிடு.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மனசுதான் காரணமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர், "மனசு சரியில்லன்னா அரிப்பு கூடும், அது உண்மை. ஆனா மனசு தானா வந்து தோல்ல தடிப்பு போடாது" என்றார். அந்த இடத்தில் எழுந்து உனக்குப் போன் செய்யலாமா என்று பார்த்தேன். சண்டை வரும் என்று விட்டுவிட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நம் தோலுக்குள் பொடிப் பொடியாக, பை மாதிரி இருக்கிறதாம். எதிரி யாராவது உள்ளே வந்தால் அது உடைந்து ஒரு திரவத்தைக் கொட்டும். தடிப்பும் அரிப்பும் அதனால்தான். பாதிப் பேருக்கு அது ஏன் உடைகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. சிலருக்கு மட்டும் சொந்த ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றே எதிரி வந்துவிட்டான் என்று தப்பாக நினைத்து அந்தப் பைகளை உடைக்கிறதாம். "வீட்டுக் காவல்காரனே வீட்டுக்காரன அடிக்கிற மாதிரி" என்றார்.

எனக்கு அப்படியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். என் ரத்தத்தை எடுத்து, உறைய வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரில் ஒரு சொட்டை என் தோலுக்குள்ளேயே ஊசியால் விட்டுப் பார்ப்பார்கள். தடித்தால் காவல்காரன்தான் குற்றவாளி. அவர் சொல்லச் சொல்ல எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். புது மருந்தைக் கறையில் போடும் முன்னால் துணியின் உள்மடிப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாயே, நிறம் போகிறதா என்று. அதேதான். இந்தத் தடவை துணியும் நான், மருந்தும் நான்.

சோதனைக்கு முன்னால் சில நாட்கள், நான் வழக்கமாகப் போடும் அரிப்பு மாத்திரையைத் தொடக்கூடாது. தொட்டால் உண்மை தெரியாமல் அமுங்கிவிடுமாம். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் பஸ். பஸ் என்றால் என் வயிறு என்ன பாடுபடுத்தும் என்று உனக்கே தெரியும்.

ஒன்றுமே தடிக்காவிட்டால் என்ன செய்வது அக்கா? மறுபடியும் மனசு என்று நீ எழுதுவாய். அப்போது என்னிடம் பதில் இருக்காது.

உன் தங்கை


மார்ச் 23

வாலு,

ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு சோப்பு இல்லை, துணி இல்லை என்று சொல்லிவிட்டாராம். பெரிய ஆள்தான். எனக்கு இன்னும் துணி மேலேதான் சந்தேகம்.

ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகக் கேள். பக்கத்து அச்சகக்காரர் மறுபடியும் வந்தார். அவருக்கு மெஷின் போட இடம் போதவில்லை, நம் கடையைக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். அப்பா ஆரம்பித்த கடையாயிற்றே என்று போன தடவை விரட்டினேன். இந்தத் தடவை விரட்டவில்லை. துணிதான் காரணம் என்று சோதனையில் வந்தால் உடனே எழுது. கடையை அவரிடம் கொடுத்துவிட்டு, நாம் இருவரும் சேர்ந்து வேறு ஏதாவது செய்யலாம். பேனா, பென்சில் விற்போம். பூந்தொட்டி விற்போம். பெரிய கம்ப சூத்திரமா என்ன?

நீ இல்லாமல் கடை ஓடாமல் இல்லை. நன்றாகவே ஓடுகிறது. சாயங்காலம் ஷட்டரை இழுத்த பிறகுதான் ஒரு மாதிரி இருக்கிறது. பேச்சுத்துணைக்கு டிரையர்தான். இந்த வெயிலிலும் எனக்குக் குளிர்கிறது, பாய்லருக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன். இஸ்திரி மாமா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இந்த உறைக்குள் ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறேன். பயப்படாதே, அரிப்பு மாத்திரை இல்லை. பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்கப் போடுவது. மருந்துக்கடையில் நின்று விசாரித்துத்தான் வாங்கினேன். ஏறுவதற்கு முன்னால் ஒன்று போட்டுக்கொள், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போய்விடலாம். அரிப்பு தாங்கவில்லை என்றால் ஈரத்துணி போடு, சொறியாதே.

ஒன்றும் தடிக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் போய்விட்டு வா.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

சோதனை வீண்.

மாத்திரை இல்லாத நாட்களை எப்படிக் கழித்தேன் என்று எழுதி உன்னை அழவைக்கப் போவதில்லை. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தரையில் கிடந்தேன், அவ்வளவுதான். கடைசி நாள் பஸ்ஸில் மட்டும் அரிப்பும் இல்லை, வாந்தியும் இல்லை. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரித் தூங்கினேன். உன்னை வாழ்த்திக்கொண்டே இறங்கினேன்.

அங்கே முன்கையில் மூன்று ஊசி போட்டார்கள். ஒன்று வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. ஒன்று யாருக்குப் போட்டாலும் தடிக்க வேண்டிய மருந்து. மூன்றாவது என் ரத்தத்தின் தெளிநீர். அரை மணி நேரம் கையை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்று இடமும் வழவழவென்று இருந்தது. அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, அக்கா சொன்னதுதான் சரி போலிருக்கிறது, நான்தான் ஊரையெல்லாம் ஏமாற்றுகிறேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்போது நர்ஸ் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"நடுவுல போட்ட ஊசி யாரா இருந்தாலும் தடிக்கணும். உங்களுக்கு அதுவே தடிக்கல. என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

"சத்தியமா ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர்."

"சளிக்கு? தூக்கத்துக்கு?"

"இல்ல சிஸ்டர்."

"பஸ்ல வாந்திக்கு?"

நான் கைப்பையைத் திறந்து உன் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் நிறைய, அரிப்பு மாத்திரையின் சொந்தக்கார வகையறாதானாம். "இத யாரு குடுத்தா?" என்று கேட்டார். "எங்கக்கா" என்றேன். "நல்ல அக்கா" என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் ஈரத்துணி. உன்மேல் கோபம் இல்லை, இருந்தது, பஸ்ஸில் திரும்பி வரும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்ததும் போய்விட்டது.

தங்கை


ஏப்ரல் 6

வாலு,

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே. நேரே மருந்துக்கடைக்குப் போய் அந்த ஆளைப் பிடித்து உலுக்கினேன். "நீங்க வாந்திக்குன்னுதானே கேட்டீங்க, சோதனைக்குப் போறாங்கன்னு சொன்னீங்களா?" என்று திருப்பிக் கேட்கிறார். நியாயம்தான். அதற்காக அவரை விட்டுவிடவில்லை, வாங்க வேண்டிய தலைவலித் தைலத்தை எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ வழவழவென்று இருந்த கையைப் பார்த்து என்ன நினைத்தாய் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். என் வாய் அவ்வளவு தூரம் உன் கூடவே வந்திருக்கிறது. இனிமேல் மனசு என்ற வார்த்தையை எழுத மாட்டேன். தடித்தாலும் சரி, தடிக்காவிட்டாலும் சரி.

அடுத்த தடவை முந்தின நாளே போய்த் தங்கு. முன் சீட்டில் உட்கார். ஜன்னலைத் திறந்து வை. எந்த மாத்திரையும் வேண்டாம், நான் அனுப்பினாலும் வேண்டாம். கூட வரலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் என்னவோ இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினாலே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது. காலையில் எழும்போதே களைப்போடுதான் எழுந்திருக்கிறேன். நானும் வந்தால் உன்னோடு சேர்த்து என்னையும் நர்ஸ் தூக்க வேண்டியிருக்கும்.

அச்சகக்காரரிடம் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

துணியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தடித்துவிட்டது.

உப்புத் தண்ணீர் போட்ட இடம் சும்மா இருந்தது. நடு ஊசி ஒழுங்காகத் தடித்தது. என் ரத்தத்தின் தெளிநீர் போட்ட இடம் சட்டைப் பொத்தான் அளவுக்கு எழும்பி, சுற்றிலும் சிவந்து நின்றது. நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் வலி என்று நினைத்துப் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வலி இல்லை அக்கா. சந்தோஷம்.

இது ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை என்றார் டாக்டர். அதனால் கொஞ்சம் ரத்தத்தை வெளியூரில் ஒரு பெரிய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் அங்கிருந்தும் அதே பதில்தான் வந்தது. கூடவே இன்னொன்று. என் கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி நன்றாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் அதையும் எதிரி என்று நினைத்துத் தாக்கும் பொருள் ரத்தத்தில் நிறைய இருக்கிறதாம். காவல்காரன் ஒரே வீட்டை மட்டும் அடிப்பதில்லை போலிருக்கிறது. இஸ்திரி மாமாவிடம் சொல்லிவிடு, கடிக்கிற பூச்சியைக் கண்டுபிடித்தாயிற்று, அது நான்தான் என்று.

தூக்கம் வராத வகை மாத்திரை ஒன்றை, அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் போடச் சொல்லியிருக்கிறார். கேட்காவிட்டால் அவரே அளவைக் கூட்டுவார். அதற்கும் கேட்காவிட்டால் மாதம் ஒரு ஊசி. நிறையப் பேருக்குச் சில வருஷங்களில் தானாக அடங்கிவிடும் என்கிறார். எந்த வருஷம் என்று மட்டும் அவருக்கும் தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் சந்தோஷம் கொஞ்சம் இறங்கிவிட்டது. கடையை விட்டு ஓடி வந்தேன். இதை விட்டு எங்கே ஓடுவது?

கடைமேல் பழி போட்டது தப்பு. அதை எழுதிவிட்டேன், படித்துக்கொள். கடையைக் கொடுப்பதா வேண்டாமா என்பது இனி உன் இஷ்டம், என் தோலுக்காக வேண்டாம். நான் இது அடங்கிய பிறகு வருகிறேன். உதடு வீங்கிய மூஞ்சியோடு கவுண்ட்டரில் நின்று மறுபடியும் எல்லோருக்கும் வேடிக்கை காட்ட எனக்குத் தெம்பில்லை.

ஒன்று மறந்துவிட்டேன். "உங்க குடும்பத்துல யாருக்காவது தைராய்டு உண்டா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெயிலில் ஸ்வெட்டர். கரகரக் குரல். மாடிப்படி. உன் கடிதங்கள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. "தெரியல டாக்டர், எங்கக்காவக் கேக்கணும்" என்றேன். போய் ரத்தம் கொடுத்துவிட்டு வா.

உன் தங்கை


ஏப்ரல் 26

வாலு,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. இப்போதுதான் எழுத உட்காருகிறேன்.

நான் ஏன் துணியாக இருக்கட்டும் என்று வேண்டினேன் தெரியுமா? கடை என்றால் மூடிவிடலாம். ஷட்டரை இழுத்து, சாவியை அச்சகக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். ரத்தத்தை எப்படி மூடுவது? நான் பார்த்துச் சரிசெய்ய முடியாத ஒன்று உனக்கு வந்துவிட்டதே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் தலையில் பேன் வந்தால் நான் எடுத்தேன். சட்டை கிழிந்தால் நான் தைத்தேன். இதற்கு நான் என்ன செய்ய முடியும் சொல்.

அடங்கிய பிறகு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எப்போது அடங்கும் என்று தெரியாது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் வரமாட்டாய் என்றுதானே அர்த்தம்? நீ வராத கடை எனக்கு எதற்கு? அச்சகக்காரர் அடுத்த மாதம் நடுவில் முடிவு சொல்லச் சொல்கிறார். சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.

எனக்கு ரத்தமெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. வேலைக் களைப்பு, வயசு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் நினைப்பு. ஒன்றை நினைத்துக்கொண்டே இருந்தால் உடம்பும் அப்படித்தான் ஆடும்.

அக்கா


மே 3

அக்கா,

உன் கடைசிப் பத்தியை மறுபடியும் படித்துப் பார். நினைப்பாம். இதே வசனத்தை நான் வேறொரு இடத்தில், நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறேன்.

என் அக்காவைப் பார்த்து அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. உனக்கும் கிடையாது. உனக்குக் குளிர்கிறது என்றால் குளிர்கிறது. களைப்பு என்றால் களைப்பு. நான் நம்புகிறேன். என்னை யாராவது ஒருத்தர் இப்படி நம்பியிருந்தால் நான் இவ்வளவு தூரம் பஸ் ஏறியிருக்க மாட்டேன்.

போ. கழுத்தைக் காட்டு, ரத்தம் கொடு. அதற்குப் பிறகு எழுது. அதுவரை கடையைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதாதே, அச்சகக்காரரிடமும் வாயைத் திறக்காதே.

தங்கை


மே 17

வாலு,

உன் உருட்டல் மிரட்டலுக்குப் பயந்து போனேன் என்று நினைக்காதே. இஸ்திரி மாமா உன் கடிதத்தை என் மேஜையில் பார்த்துவிட்டு (படித்துவிட்டு என்று எழுத வேண்டும்), "போயிட்டு வாங்கம்மா, கடைய நான் பாத்துக்கறேன்" என்று என் செருப்பை எடுத்து வாசலில் போட்டுவிட்டார். அவரைத் திட்டக் குரல் எழும்பவில்லை. அதனால் போனேன்.

இங்கே இருப்பவர் வயதான டாக்டர். எதையுமே அவசரமில்லாமல் செய்கிறார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். தண்ணீரை விழுங்கச் சொன்னார். முடி கொட்டுகிறதா, எடை கூடியதா, எப்போதிலிருந்து குளிர்கிறது என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று நான் தலையாட்டுவதைப் பார்த்தால் யாரும் பொய் என்றுதான் நினைப்பார்கள். அவர் நினைக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். நேற்று முடிவு வந்தது.

தைராய்டு எப்போதோ படுத்துவிட்டதாம். ரொம்ப நாளாக உடம்பு தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறது என்றார். உன் ரத்தத்தில் இருப்பதாக எழுதினாயே, அந்தத் தாக்குகிற பொருள், அது என் ரத்தத்திலும் இருக்கிறது. உன்னைவிட அதிகம். உனக்குத் தோலைப் பிடித்தது, எனக்குக் கழுத்தைப் பிடித்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அநேகமாக ஆயுசுக்கும். சில வாரத்தில் களைப்பு குறையும் என்கிறார். பார்க்கலாம்.

ரத்தம் எடுத்த அன்றைக்கு அவரும் உன் டாக்டர் கேட்டதையே கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி உண்டாம்மா?"

"இருக்கு டாக்டர். என் தங்கச்சிக்கு. ஒரு வருஷமா உடம்பெல்லாம் தடிப்பு."

"வைத்தியம் பாத்தீங்களா?"

"கடைசியில அவளே தனியாப் போய்ப் பாத்துக்கிட்டா டாக்டர். நாங்க நம்பல."

நாங்க என்று சொல்லிவிட்டேன். நம் வீட்டில் நாங்க என்று சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். உனக்கு ரத்தம் எடுத்தபோது பக்கத்தில் யாரும் இல்லையே என்று அப்போதுதான் நினைத்தேன். பெஞ்சில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் கொடுத்தார்கள்.

அச்சகக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. அவர் முகம் சுண்டிப்போய்விட்டது, இரண்டு நாளில் சரியாகிவிடுவார். வாடிக்கையாளர்கள் உன்னை எங்கே என்று கேட்டால், உடம்பு சரியில்லை, வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று சொல்கிறேன். அன்றைக்கு நின்றிருந்த நாலு பேரில் மூன்று பேர் வந்தபோது, கேட்காமலே நானாகச் சொன்னேன். நாலாவது ஆள் இன்னும் துணி எடுக்க வரவில்லை. வரட்டும்.

உன் மூஞ்சி வீங்கினால் உள்ளே உட்கார்ந்து மடி. நான் களைத்துப்போனால் நீ வெளியே நில். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் முடியாமல் போனால் ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்குவோம், யாரும் துணி இல்லாமல் தெருவில் நிற்கப் போவதில்லை.

அடங்கிய பிறகு வருகிறேன் என்று மட்டும் இனிமேல் எழுதாதே. குணமாகிவிட்டு வருவதற்கு இது என்ன அடுத்தவர் வீடா? தடிப்போடே வா.

அக்கா